கப்பலின் முன்பக்கத்து அறை

விருதுநகர் பஜாரில் ஓர் எண்ணெய்க் கடைக்கு மேல் மாடியில் அந்தக் கப்பல் ஏஜெண்டின் ஆபீஸ் இருந்தது. கீழே மிளகாய் வற்றல் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நெடி மாடி வரைக்கும் ஏறி எல்லோரையும் தும்ம வைத்தது. ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம் அது. எனக்குப் பத்தொன்பது வயது, கல்யாணமாகி இரண்டு மாதம். பினாங்கில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர் என்னையும் கூட்டிப் போவதற்காக டிக்கெட் எடுக்க வந்திருந்தார். துணைக்கு என் அண்ணன்; கப்பல் ஏறும் வரை அவன் வீட்டில்தான் தங்கியிருந்தோம்.

சுவரில் கப்பலை நெடுக்காக அறுத்து உள்ளே காட்டியதுபோல ஒரு படம் மாட்டியிருந்தது. முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அதிலிருந்த இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் கட்டங்கள் புரிந்தன. எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். ஓர் அறையைப் பார்த்தால் என் கண் முதலில் வாசலைத்தான் தேடும்.

கம்பெனியில் அறைகள் தள்ளித் தள்ளி இருக்கும். அறைக்கு நாலு பேர். எதிரெதிரே இரண்டு கதவுகள், இரண்டும் வெளிப்பக்கமாகத் திறக்கும், எதிலும் தாழ்ப்பாள் கிடையாது. ஓர் ஆடி மாதம் காற்று வெடிமருந்துத் தூளை வாரிக் கண்ணில் அடிக்கிறது என்று பக்கத்து அறைப் பிள்ளைகள் இரண்டு கதவையும் சாத்தி, உள்ளே சணலால் இழுத்துக் கட்டிவிட்டார்கள். மருந்து பற்றியபோது நான் முப்பது அடி தள்ளி இருந்தேன். வெடிச் சத்தத்தைவிட எனக்கு ஞாபகம் இருப்பது அதற்கு முன்னால் கேட்டதுதான். கதவில் கைகள் அடித்த சத்தம். நாலு ஜோடிக் கைகள். பிறகு கூரை மேலே போய்விட்டது. மூன்று பேரைப் பாயில் சுருட்டிக் கொண்டு போனார்கள். நாலாவது பிள்ளை இரண்டு நாள் இருந்தாள்.

அதன் பிறகு சாத்திய கதவுக்குப் பின்னால் எனக்கு மூச்சு முட்டும். கல்யாணமான எட்டாவது நாள் அந்தப் பயத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது.

என் வீட்டுக்காரர் நாலு பேர் முன்னால் சத்தமாகக்கூடப் பேச மாட்டார். என் மதினியிடம் "சாப்பிட்டீகளா?" என்று கேட்காமல் கை கழுவ மாட்டார். கதவைத் தாழ் போட்ட பிறகுதான் வேறு ஆள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மாடத்தில் வைப்பார். அதை வைக்கிற சின்னச் சத்தம் கேட்டதுமே நான் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். என் முந்தானையைச் சுருட்டி என் வாயிலேயே திணிப்பார். முகத்தில் அடிக்க மாட்டார். விலா, தொடை, முடிக்குள்ளே மண்டை. குழம்பில் உப்புக் கூடியது ஒரு நாள், அண்ணனோடு சிரித்துப் பேசியது ஒரு நாள். முடிந்ததும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வெளியே போய், "அக்கா, ஒரு வாய் காப்பி கிடைக்குமா?" என்பார்.

மதினியிடம் சொன்னேன். "அந்தத் தங்கமான மனுசனா?" என்றாள். அண்ணனிடம் சொன்னேன். "புது இடம்னா அப்படித்தான் இருக்கும்த்தா. அங்கன போயிட்டா உன்னைய விட்டா அவருக்கு யாரு இருக்கா? சரியாயிரும்" என்றான். கப்பலில் ஏழு நாள் என்று கேள்விப்பட்ட அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஏழு நாளும் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறைக்குள் அவரோடு தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது. பினாங்கு, அங்கே உள்ள வீடு, மீதி ஆயுசு எல்லாம் பிறகு. முதலில் ஏழு நாள்.

ஏஜெண்ட் பிரம்பால் படத்தைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். "இது டெக்கு. மேல் தளம், திறந்த வெளி. பாய் விரிச்சுப் படுத்துக்கிடலாம். மழை வந்தா நனையணும். இது பங்க்கு. இரும்புக் கட்டில் ஒண்ணு மேல ஒண்ணா இருக்கும். ஆம்பளைக்கு ஒரு பக்கம், பொம்பளைக்கு ஒரு பக்கம். இதுக்கு மேல கேபின். நாலு பேர் அறை இருக்கு, அதுலயும் ஆணும் பெண்ணும் தனித்தனிதான். உள்பக்கத்து அறைன்னா சன்னல் கெடையாது, வெக்கை. குடும்பமாப் போறவுகளுக்கு ரெண்டு பேர் அறை. வட்டக் கண்ணாடி வச்சிருக்கும், கடல் தெரியும்."

"ரெண்டு பேர் அறை" என்றார் என் வீட்டுக்காரர்.

"பங்க்கே போதுமே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் ஏஜெண்டைப் பார்த்துச் சிரித்தார். "சிக்கனம் அண்ணாச்சி. பொழச்சுக்கிடுவா."

"அந்த அறைக்கு எத்தனை வாசல்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதாம்மா."

"வெளிய தெறக்குமா, உள்ள தெறக்குமா?"

"உள்ள."

"தீப்பிடிச்சா?"

ஏஜெண்ட் பிரம்பை மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஏத்தா, கப்பல்ல என்ன அணுகுண்டுக்குத் திரியா வைக்கப் போறாக?" மூலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த பையன் சிரித்தான். அண்ணனும் சிரித்தான். என் வீட்டுக்காரரும் சிரித்தார், ஆனால் அவர் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். பெருந்தன்மை காட்ட வேண்டியதாகிவிட்டது அவருக்கு. "அவளுக்குத்தான் இம்புட்டு விவரம் தெரியுதே, அவளே சொல்லட்டும். எந்த அறை பாக்கி இருக்கு?"

இரண்டு அறைகள் பாக்கி இருந்தன. ஒன்று கப்பலின் நடுவில், கீழே, ஒரு நடையின் கோடியில். பக்கத்தில் சாமான் வைக்கும் அறையும் எஞ்சின் பக்கத்துச் சுவரும். இன்னொன்று முன்பக்கத்தில், மாடிப்படி இறங்கியதும் முதல் அறை. எதிரே பெண்களுக்கான நாலு பேர் அறை.

"யோசிக்கவே வேண்டாம், நடு அறைதான்" என்றார் ஏஜெண்ட். "தராசுக் கம்பு மாதிரி, நடு ஆடாது, ஓரந்தான் ஆடும். இது மழைக் காலம். முன்னால இருக்கிற அறை உங்களத் தூக்கிச் சுவத்துல அடிக்கும்."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்குப் பக்கத்தில் யாரும் உட்கார விரும்ப மாட்டோம், வெளியே ஓடுகிற வழிக்குப் பக்கத்தில்தான் இடம் பிடிப்போம். எனக்கு எஞ்சின்தான் மருந்தறை, படிதான் ஓடுகிற வழி. நடையின் கோடி என்றால் அங்கே யார் வருவார்கள்? படியோரம் என்றால் ஆள் போகும் வரும், எதிரே நாலு பெண்கள் இருப்பார்கள், ஒரு சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பார்கள். இப்படி எல்லாக் கணக்கும் போட்டு முன்பக்கத்து அறையைக் கை காட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு யோசித்து அவ்வளவு தப்பாக நான் எதையும் செய்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் கடிகாரம் மாடத்துக்குப் போனது. "தீப்பிடிச்சாவா? நாலு பேர் முன்னால என்னையக் கோமாளியாக்குறியா?" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குத்து வைத்தார். ஒரு வாரம் இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். அன்று கடல் கொதித்துக்கொண்டிருந்தது. படகு மேலே போய்க் கீழே அறைந்தபோது முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவருக்குப் பலகையில் மோதிப் பல் தெறித்தது. கப்பலிலிருந்து தொங்கிய ஏணியைப் பிடிக்க எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். படகுக்காரர்கள் துடுப்புக் கட்டையால் முதுகில் அடித்து உட்கார வைத்தார்கள். ஒரு கிழவரின் தகரப் பெட்டி நழுவித் தண்ணீரில் விழுந்தது. அவர் அதன் பின்னாலேயே குதிக்கப் பார்க்க, மகன் அவர் குடுமியைப் பிடித்து இழுத்தான். மேலே ஏறிய பிறகு என் உள்ளங்கைகளில் தோல் இல்லை.

அறை, நான் கண்ட எந்தப் பட்டாசு அறையையும்விடச் சின்னது. இரும்புக் கட்டில் ஒன்றன் மேல் ஒன்று. வட்டக் கண்ணாடி. சுவரில் ஒரு கம்பிக் கொக்கி. கதவு உள்ளே திறந்தது. அதில் தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது. அப்புறம்தான் பூட்டையும், அதில் தொங்கிய பித்தளைச் சாவியையும் பார்த்தேன். உள்ளேயும் பூட்டலாம், வெளியேயும் பூட்டலாம்.

கப்பல் கிளம்பியதும் என் கணக்கின் ஓட்டை தெரிந்துவிட்டது. முன்பக்கத்தில்தான் கடல் வந்து அடிக்கிறது. தகட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ சம்மட்டி கொண்டு அடிப்பதுபோல, மூச்சு விடாமல், தொம் தொம் என்று. பக்கத்தில் நிற்பவரிடமே கத்திப் பேச வேண்டியிருந்தது. எஞ்சின் பக்கத்து அறையிலாவது இரைச்சல் ஒரே சீராக இருந்திருக்கும், அதற்கு மேல் ஒரு குரல் கேட்டிருக்கும். இங்கே நான் செத்தாலும் எதிர் அறைக்குக் கேட்காது.

அதை அவரும் கண்டுபிடித்துவிட்டார். சாவியைத் திருப்பினார். கடிகாரத்தைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். சுவரில் காதை வைத்து அலைச் சத்தத்தைக் கேட்டார். பிறகு என் வாயில் திணிக்க எடுத்த முந்தானையை அப்படியே கீழே விட்டுவிட்டார். "கத்து" என்றார். "நீ பாத்து எடுத்த அறைதானே? நல்லாக் கத்து."

கத்தினேன். கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பகலில் புயல் பிடித்தது. கண்ணாடியில் ஒரு முறை வானம், ஒரு முறை பச்சைத் தண்ணீர். அறை நிமிர்ந்து நிற்கும், பிறகு கிணற்றுக்குள் வாளி விழுவதுபோல விழும். பத்து முறை கடல் கடந்த மனிதர், அவருக்குத்தான் முதலில் குமட்டியது. இதற்கு முன் அவர் போனதெல்லாம் நடு அறையில். வாந்தியெடுத்து, வழுக்கி, அதிலேயே விழுந்தார். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கந்தக நெடியில் எட்டு வருஷம் உட்கார்ந்த வயிறு. அவர் அப்படிக் கிடப்பதையும் நான் நேராக உட்கார்ந்திருப்பதையும் அவரால் தாங்க முடியவில்லை.

"தேவிடியா, வேணும்னேதானே இந்த அறைய எடுத்தே?"

இடுப்பு பெல்ட்டை உருவினார். முதல் வீச்சு என் கழுத்தில் சுற்றியது. இரண்டாவதில் பக்கிள் தாடையில் பட்டது. முகத்தில் அடிப்பதில்லை என்ற வழக்கத்தை அன்றுதான் விட்டார். மூன்றாவதற்குக் கையை ஓங்கியபோது அறை விழுந்தது. அவர் கால் தரையை விட்டுப் போனதை நான் பார்த்தேன். மேல் கட்டிலின் இரும்பு விளிம்பில் நெற்றி மோதி, தேங்காய் உடைகிற சத்தம், அந்தச் சம்மட்டி இரைச்சலிலும் கேட்டது. சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். ரத்தம் இரண்டு கண்ணையும் மூடி வழிந்தது. கை மட்டும் என் காலைத் தேடியது. பிடித்தது. மற்றக் காலால் அந்த விரல்களை மிதித்தேன். ஒரு முறை அல்ல. விடும் வரைக்கும் மிதித்தேன்.

சாவி பூட்டிலேயே இருந்தது. திறந்தேன், சாவியை உருவிக்கொண்டு வெளியே வந்தேன், கதவை இழுத்துச் சாத்தினேன். வெளியிலிருந்து பூட்டினேன்.

படியில் போய் உட்கார்ந்தேன். கைப்பிடிக் கம்பியை ஒரு கையால் கட்டிக்கொண்டு மற்றக் கையில் சாவி. ஆள் போகும் வரும் என்று நான் கணக்குப் போட்ட படியில் ஓர் ஈ காக்கை இல்லை, எல்லோரும் அவரவர் அறையில் புரண்டுகொண்டிருந்தார்கள். சாகட்டும் என்று நினைத்தேன். இதை எழுதக் கூசவில்லை. நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு அதிர ஆரம்பித்தது. உள்ளிருந்து அடிக்கிறார். சத்தம் கேட்கவில்லை, பலகை துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடினால் அதைவிட மோசம். நான் பயந்து பழகியவள். ஒரு விஷயத்தை நினைத்தால் அதன் கடைசி வரை போய்விடுவேன். கப்பல் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறினால்? எங்காவது தீப்பிடித்தால்? ரத்தம் நிற்காமல் போனால்? கதவை அடிக்கிற அந்தக் கை யாருடையது என்பது அப்போது எனக்கு மறந்துகூடப் போயிற்று. சாத்திய கதவும் அதை அடிக்கிற கையும் மட்டும் இருந்தன, பூட்டியவள் நானாக இருந்தேன். எழுந்து போய்ச் சாவியைப் பூட்டில் வைத்தேன். திறந்தால் என்னைக் கொல்வார். எடுத்தேன். மறுபடி வைத்தேன். இப்படி எத்தனை முறை என்று எனக்கே தெரியாது.

கடைசியில் எதிர் அறைக் கதவைத் தட்டினேன். அங்கே இருந்தது காரியாபட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், மகன் வீட்டுக்குப் போகிறவர், தடித்த உடம்பு. வாந்திச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். தாடையில் வழிந்ததைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரர உள்ள வச்சுப் பூட்டிட்டேன். தெறக்கணும்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. எதுக்கு இப்போ திறக்கணுங்கிற?"

"கதவ அடிக்கிறாரு. செத்துருவாரு."

"இந்தச் சட்டியப் பிடி" என்று சட்டியை என் கையில் திணித்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். கப்பல் சிப்பந்தி ஒருவனை அதட்டி இழுத்து வந்து அவனைத் திறக்க வைத்தார். என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். முகம் முழுக்க ரத்தம். ஆட்களைப் பார்த்ததும் அந்த ரத்தத்துக்கு நடுவில் பழைய சிரிப்பு வந்துவிட்டது.

"கால் தவறி விழுந்துட்டேன்ம்மா. இந்தப் புள்ள பயந்து போயிக் கதவப் பூட்டிருச்சு. சின்னப் புள்ள."

"அப்படியா" என்றார் அந்த அம்மா. "இவ கழுத்துல பெல்ட்டு எப்படித் தம்பி தவறி விழுந்துச்சு? கோணல் மாணலால்ல விழுந்திருக்கு?"

சிப்பந்தி தரையில் கிடந்த பெல்ட்டைப் பார்த்தான். எதிர் அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. மீதி நாட்களை நான் அதில் கழித்தேன். என் வீட்டுக்காரர் நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டு தினமும் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் வந்து நிற்பார். "பெரியம்மா, எங்க வீட்ல சாப்பிட்டாளா?" என்று பாசமாக விசாரிப்பார். என்னிடம் மட்டும், அந்த அம்மா திரும்பிய நேரம் பார்த்து, "எறங்கட்டும்" என்பார். அந்த ஒரே சொல். அதற்கப்புறம் என் தலைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை.

அந்த அம்மாவிடம் கேட்டேன். "எறங்காம இருந்தா என்ன செய்வாக?"

"இதே கப்பல்ல திருப்பி அனுப்பிருவாக. ஊருல என்ன செய்வே? ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாகளே?"

"எனக்குப் பட்டாசு வேலை தெரியும்."

அவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். "அங்க போனா வெடிச்சுச் சாவே. இங்க எறங்கினா அடிபட்டுச் சாவே. எனக்குச் சொல்லத் தெரியலடி" என்றார். எனக்கும் தெரியவில்லை. ஆனால் கம்பெனியில் கதவுகள் வெளியே திறந்தன.

பினாங்கில் அதிகாரிகள் கப்பலுக்கே வந்து மேசை போட்டு உட்கார்ந்தார்கள். வரிசையாகப் போய்க் காகிதத்தை நீட்ட வேண்டும். துரை ஒருவரும், தமிழ் பேசும் குமாஸ்தா ஒருவரும். என் வீட்டுக்காரர் என் காகிதத்தையும் சேர்த்து அவரே நீட்டினார். மேசைக்குக் கீழே என் இடது கையைப் பிடித்திருந்தார். பார்ப்பவர்களுக்குப் பிரியமாகப் பிடித்தது போலத்தான் இருந்திருக்கும்.

"இவரு உன் புருசன்தானே?" என்றார் குமாஸ்தா.

"ஆமாங்க."

"சரி, போங்க."

"நான் எறங்கலை."

குமாஸ்தா நிமிர்ந்தார். என் வீட்டுக்காரர் சிரித்தார். "கடல் மயக்கம் சார், இன்னும் தெளியலை." சிரித்துக்கொண்டே, மேசைக்கடியில் என் சுண்டு விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினார். மெதுவாக மடக்கினார், நான் புரிந்துகொள்ள நேரம் கொடுப்பதுபோல. நான் புரிந்துகொண்டேன். "எறங்கலைங்க" என்று இன்னொரு முறை சொன்னேன். விரல் ஒடிந்தது.

துறைமுகத்தில் அலை இல்லை. எஞ்சினையும் நிறுத்தியிருந்தார்கள். நான் கத்தியதில் வரிசை முழுக்கத் திரும்பியது. துரை எழுந்துவிட்டார். கையை மேசை மேல் தூக்கி வைத்தேன். சுண்டு விரல் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு அத்தனை பேர் முன்னாலும் என் முடியைப் பிடித்துத் தலையை மேசையில் மோதினார். இரண்டு காவல்காரர்கள் சேர்ந்துதான் அவர் விரல்களைப் பிரித்தார்கள். ஒருவன் தடிக்கொம்பால் அவர் முழங்காலில் அடிப்பதைக் கேட்டேன். படி வழியாக அவரை இறக்கிக் கொண்டு போனார்கள். "சின்னப் புள்ள, சின்னப் புள்ள" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே போனார்.

கப்பல் டாக்டர் விரலுக்குக் குச்சி வைத்துக் கட்டினார். அந்தக் குமாஸ்தா திரும்பி வந்தார். என்னைத் திருப்பி அனுப்ப எழுதியாகிவிட்டது, ஊருக்குத் தந்தி கொடுக்க வேண்டும், யாருக்கு, என்னவென்று போட என்று கேட்டார். அண்ணன் பேரையும் ஊரையும் சொன்னேன். "வாறேன்னு மட்டும் போடுங்க" என்றேன்.

அவர் எழுதினார். எனக்கு உடனே கவலை பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் தந்தி வந்தால் இழவு என்றுதான் அர்த்தம். தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தியதுமே மதினி மாரடித்துக்கொண்டு தெருவில் விழுவாள், படித்துச் சொல்ல ஆள் வருவதற்குள் அண்ணன் பந்தலுக்குச் சொல்லிவிடுவான்.

"சார், இன்னொரு வார்த்தை போடலாமா?"

"என்ன?"

"உயிரோட வாறேன்னு போடுங்க."